சாட்சிப் பாத்திக்கு ஆளுக்கு ஒரு டம்ளர்

மனிதர்களில் கேளாமல் உதவுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். இதைப் படித்ததும் உங்கள் நினைவுக்கு வந்தாரே, அவரேதான். இந்த இனத்தார் மனதறிந்து யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் அவர்களிடம் உள்ள பெரிய தொல்லை. கெடுதல் செய்ய வருகிறவனை வாசலில் நிறுத்தலாம், நாலு வார்த்தை கேட்கலாம், நாயை அவிழ்த்துவிடலாம். நல்லது செய்ய வருகிறவரை என்ன செய்வீர்கள்? உட்காரச் சொல்லிக் காப்பி கொடுப்பீர்கள். நீங்கள் காப்பியோடு திரும்புவதற்குள் அவர் உங்கள் அடுப்பில் வேகும் பீன்ஸுக்கு உப்புப் போட்டு, சுவர்க் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் தள்ளி, உங்கள் மகள் பாதியில் விட்டுப் போயிருந்த பின்னலைப் பின்னி முடித்து, கூண்டுக் கிளிக்குப் புதிதாக ஒரு வார்த்தையும் சொல்லிக்கொடுத்திருப்பார்.

உப்பு நீங்கள் முன்பே போட்டிருந்தீர்கள்.

பெட்ரா மான்சாவில் இந்த இனத்துக்கு முதல் மரியாதை செயு ஒரோசிம்போவுக்குத்தான். பெயருக்கு முன்னால் வருகிற 'செயு' மரியாதைக்கு. அதை விட்டுவிட்டு அவரைக் கூப்பிட அவர் மனைவி பிலோமெனாவுக்கு மட்டும்தான் துணிச்சல் உண்டு. மீனாஸ் மேட்டு நிலத்தில், சிவப்பு மண்ணுக்கும் கோணல் மரங்களுக்கும் நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஊரில், முப்பத்திரண்டு வருஷம் மருந்துக்கடையில் நின்றவர் அவர். அந்தக் கடைக்குள் போனவர் ஊசி போட்டுக்கொள்ளாமல் வெளியே வந்ததில்லை. வழி கேட்க வந்த ஒரு லாரிக்காரருக்குக்கூட வைட்டமின் ஊசி போட்ட பிறகுதான் வழி சொன்னார். ஓய்வு பெற்றபோது ஊசியைப் பிடுங்கிக்கொண்டார்கள். கையை என்ன செய்வது? அது அவரோடேயே வீட்டுக்கு வந்துவிட்டது.

ஒருவர் வீட்டுக்குப் போனால் கேட்டுக்கு வெளியே நின்று கை தட்ட வேண்டும், உள்ளே இருப்பவர் வரச் சொன்னால் போக வேண்டும். அது அந்த ஊர் முறை. செயு ஒரோசிம்போவும் முறை தவறாதவர். தட்டுவார், ஆனால் நடந்துகொண்டே. முதல் தட்டு கேட்டில் கேட்கும், இரண்டாவது முற்றத்தில், மூன்றாவது சமையலறையில். வரும்போது "சும்மா ஒரு கை குடுத்துட்டுப் போறேன்" என்பார். வேலை பாதியில் இருக்கும்போது "நல்ல வேளை, நான் பார்த்தேன்" என்பார். போகும்போது "நன்றியெல்லாம் சொல்லி என்னை வேத்து ஆளாக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, நன்றி வரும்வரை கதவருகே நிற்பார்.

"எங்க வீட்டுக் குழாய் நாலு மாசமா ஒழுகுது. கேட்டா, நம்ம குழாய்தானே, என்ன அவசரம்கறாரு. ஊரான் குழாய் ஒழுகாம இருந்தாலும் ஏன் ஒழுகலேன்னு கழட்டிப் பார்க்கறாரு" என்பாள் பிலோமெனா. அவளுடைய குழாய்க்குக் கடைசியில் வேறொருவர்தான் வந்தார். அவரும் கேளாமல்தான் வந்தார்.

இப்படிப்பட்டவருடைய பார்வை ஒருநாள் ஊர்க்கோடி நகராட்சி நாற்றுப் பண்ணையில் வேலை செய்யும் சுல்மீராவின் மேல் விழுந்தது.

சுல்மீராவுக்கு நாற்பத்து மூன்று வயது. நாலாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. பேச்சு குறைவு, பார்வை அதிகம். எந்தத் தட்டில் எந்த நாற்று எப்போது இலை விட்டது என்று கேட்டால் நாள் சொல்லுவாள். ஆனால் ஒரு குறை. 'வேண்டாம்' என்ற வார்த்தை அவளுக்குத் தொண்டைவரை ஒழுங்காக வரும், வாயைத் திறந்தால் "காப்பி குடிக்கறீங்களா?" என்று மாறி விழும்.

அந்தப் பண்ணையில் அந்த வருஷம் அராத்திகும் விதை போட்டிருந்தார்கள். அராத்திகும் என்பது சீத்தாப்பழத்துக்குக் காட்டு வழியில் பெரியப்பா முறை. ஒரு பழம் ஆள் தலை அளவு இருக்கும். வீட்டுக்குள் கொண்டுவந்தால் மூன்றாம் வீட்டுக்காரர் வாசனை பிடித்து வந்து ஸ்பூன் கேட்பார். பழம் அவ்வளவு தாராளம், விதை அவ்வளவு பிடிவாதம். நட்டால் தூங்கும். ஒரு பருவம் முழுக்கத் தூங்கும், சிலது இரண்டு பருவம், சிலது எழுந்திருப்பதே இல்லை. காட்டு மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. நட்டு வளர்க்க நாற்று கேட்டு வருகிறவர்களை, விதை எழுந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று பண்ணையில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

வேளாண்மை டாக்டர் லவீனியா இதற்கு ஒரு வழி கொண்டுவந்தார். செடிகள் வளர்வதற்காகத் தங்களுக்குள்ளேயே சுரந்துகொள்ளும் பொருள் ஒன்று உண்டு, ஜிப்பரெலிக் அமிலம் என்று பெயர். அதையே வெள்ளைத் தூளாக ஒரு சின்ன டப்பாவில் கொண்டுவந்தார். ஏப்ரலில் மூன்று மணல் பாத்திகள் போட்டார்கள், ஒவ்வொன்றிலும் நூறு விதை. முதல் பாத்தி விதைகளை லிட்டருக்கு ஒரு கிராம் தூள் கரைத்த தண்ணீரில் ஊறவைத்தார்கள். இரண்டாம் பாத்திக்கு இரண்டு கிராம். மூன்றாம் பாத்திக்கு வெறும் தண்ணீர். அந்த மூன்றாவதற்குச் சாட்சி என்று பெயர். மற்ற இரண்டிலும் விதை முளைத்தால் அது தூளால் முளைத்ததா, தன்னால் முளைத்ததா என்று சொல்ல, ஒன்றுமே கொடுக்கப்படாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் அல்லவா?

"நாற்றுக் கொட்டகைக்குப் பொறுப்பாளர் போடப் போறாங்க, தோனா சுல்மீரா" என்றார் டாக்டர். பெண்களுக்கு 'செயு'வின் இடத்தில் 'தோனா'. "நகராட்சி பள்ளிக்கூடச் சான்றிதழ் கேக்குது. உங்ககிட்ட அது இல்ல. மழை வர்ற வரைக்கும் இந்த மூணையும் சொன்னபடி காப்பாத்தி, தினம் எண்ணி எழுதிக் குடுங்க. அந்த நோட்டையே சான்றிதழா வெச்சு நான் பேசறேன்."

சுல்மீரா கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கினாள். தினக்கூலியாகப் பதினேழு வருஷம் ஓடியிருந்தது. பொறுப்பாளர் என்று யாரும் இதுவரை அவளைப் பார்த்து யோசித்ததுகூட இல்லை. தினமும் காலையில் மூன்று பாத்திக்கும் முன்னால் குந்தி உட்கார்ந்து எண்ணினாள். நாற்பத்தெட்டாம் நாள் இரண்டாம் பாத்தியில் ஒரு விதை மணலைத் தூக்கிக்கொண்டு வளைந்து எழுந்தது. பிறகு முதல் பாத்தியிலும். செப்டம்பரில் முதல் பாத்தியில் முப்பத்தொன்பது, இரண்டாம் பாத்தியில் அறுபத்து நாலு. மூன்றாம் பாத்திக்கு நேரே தினமும் ஒரே வார்த்தைதான் எழுதினாள்: ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லையை அவள் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாள். மற்ற இரண்டு பாத்திகளின் மதிப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று, டாக்டர் இரண்டாம் தடவை சொல்வதற்கு முன்பே அவளுக்குப் புரிந்திருந்தது.

செயு ஒரோசிம்போவுக்குத்தான் அது தாங்கவில்லை.

"இதுல ஏன் ஒண்ணையும் காணோம்?"

"அது சாட்சி, செயு ஒரோசிம்போ. அதுக்கு ஒண்ணும் குடுக்கக் கூடாது. தண்ணி மட்டும்தான்."

"அது என்ன தப்பு பண்ணிச்சு?"

"தப்பு ஒண்ணுமில்ல…"

"அந்த ரெண்டுக்கும் விருந்து, இதுக்குப் பட்டினி. மூணும் ஒரே மரத்துப் பிள்ளைங்கதானே? பெத்தவ இப்படிப் பண்ணுவாளா, மகளே?"

சுல்மீரா காப்பி குடிக்கிறீர்களா என்று கேட்டாள்.

குடித்தார். மறுநாளும் வந்து குடித்தார். அதற்கடுத்த நாள் முட்டை ஓட்டுத் தூள் கொண்டுவந்து சாட்சியின் மேல் தூவினார். அவர் போனதும் அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து துளித்துளியாகப் பொறுக்கினாள். அவள் பாத்தியைச் சுற்றிக் கயிறு கட்டினாள். கயிறு தொய்வாக இருக்கிறதென்று அவர் இழுத்துக் கட்டினார், இழுத்துக் கட்டும்போது நுழைந்து போக வசதியாக ஓர் இடைவெளியும் விட்டார். கடைசியில் அவள் ஓர் அட்டையில் 'தொடாதீர்கள்' என்று எழுதிவைத்தாள். எழுத்து கோணலாக இருந்தது. இப்படி எழுதினால் யார் மதிப்பார்கள்? அட்டையை அவர் தம் வீட்டுக்கு எடுத்துப்போய், பலகையில், நீல வண்ணத்தில், ஓரத்தில் பூ வரைந்து, 'அன்புகூர்ந்து தொடாதீர்கள்' என்று எழுதிக் கொண்டுவந்து சாட்சிப் பாத்தியின் நட்டநடுவில் சுத்தியலால் அடித்து இறக்கினார்.

நாலு விதை நசுங்கியது. சுல்மீரா நோட்டில் எழுதினாள்: சாட்சி, மீதம் தொண்ணூற்றாறு. ஒன்றுமில்லை.

அந்த நோட்டையும் அவர் பார்த்துவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் கண் கலங்கியது. பொய்யாக அல்ல, உண்மையாகவே.

"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை… அஞ்சு மாசமா இதையே எழுதிட்டு இருக்கியே, தாயே. எப்படித் தூங்கறே நீ?"

நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். அன்று முதல்தான் தூக்கம் போனது.

செப்டம்பர் கடைசியில் அவளுடைய அம்மாவுக்கு உபெராபாவில் கண் அறுவை சிகிச்சை. மூன்று நாள் போய்வர வேண்டும். பக்கத்துக் கொட்டகைக்காரர் தண்ணீர் மட்டும் ஊற்ற ஒப்புக்கொண்டார். தூள் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவியை எங்கே வைப்பது? நெடுநேரம் யோசித்து, யாரும் கை வைக்காத இடமென்று காப்பித்தூள் டப்பாவுக்குள் புதைத்தாள். அந்த டப்பாவிலிருந்து அந்த வருஷம் அவளைவிட அதிகம் குடித்தவர் யார் என்று அந்த அவசரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வேலை தேங்கிவிட்டால், ஊரார் அந்த வீட்டுக்குத் தெரியாமல் கூடிப் பேசி, ஒரு விடியற்காலையில் மண்வெட்டியும் பாட்டும் வாணவெடியுமாகத் திடீரென்று போய் இறங்கி வேலையை முடித்துக் கொடுப்பார்கள். அந்த வீட்டுக்காரர் அதிர்ந்துபோக வேண்டும், மகிழ்ந்துபோக வேண்டும், எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். யாரும் இதுவரை மறுத்ததில்லை. மறுக்க முடியாத ஓர் உதவி! செயு ஒரோசிம்போவுக்காகவே யாரோ ஏற்படுத்தி வைத்த வழக்கம் போல இல்லையா?

சனிக்கிழமை காலை பத்து மணிப் பேருந்தில் வந்து இறங்கிய சுல்மீரா, பண்ணை வாசலிலேயே நின்றுவிட்டாள். வேலிக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. நிழல் வலையின் கிழிசல்கள் தைக்கப்பட்டிருந்தன. களை ஒன்றில்லை. மேசைமேல் பாலாடைக்கட்டி உருண்டை ரொட்டி, பன்றி இறைச்சி, சோறு, பீன்ஸ், பூசணிக்காய் இனிப்பு. சாப்பாடு போட வேண்டியவள் வெளியூரில் இருப்பதால் சாப்பாட்டையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். பதினோரு பேர் வரிசையாக நின்று கை தட்டினார்கள். அக்கார்டியன் வாசித்தவர் வேகத்தைக் கூட்டினார்.

"அதிர்ந்துட்டியா?" என்றார் செயு ஒரோசிம்போ.

அதிர்ந்துதான் போயிருந்தாள். அவளுக்கு முதலில் எட்டியது மணம். சுண்ணாம்பைத் தாண்டி, இறைச்சியைத் தாண்டி, மூன்றாம் பாத்திப் பக்கமிருந்து வீட்டில் காய்ச்சிய கரும்புச் சாராயத்தின் வாடை வந்தது. மணல் ஈரமாக இருந்தது. நூற்றறுபத்தாறு நாள் வெறும் தண்ணீரில் இருந்த சாட்சி, குடித்திருந்தது.

"அந்த அநாதைக்கும் ஒரு வாய் ஊத்திட்டோம்" என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "தூள் தண்ணியில கரைய மாட்டேங்குது. முதல்ல கொஞ்சம் ஸ்பிரிட்ல கரைக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டு இருந்ததைக் கேட்டேன். ஸ்பிரிட் எதுக்கு? நம்ம வீட்டுச் சரக்கு இருக்கு, சுத்தமானது."

"எவ்வளவு… எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஆளுக்கு ஒரு டம்ளர். பதினோரு பேர், பதினோரு டம்ளர். யாருக்கும் மனக்குறை இருக்கக் கூடாதுல்ல? ஒவ்வொருத்தரும் ஊத்தறப்ப மரியன்னையை வேண்டிக்கிட்டுத்தான் ஊத்தினாங்க."

"தூள் எவ்வளவு?"

"இருந்தது எல்லாம். மிச்சம் வெச்சு என்ன பண்ணப் போறே?"

பதினோரு முகங்களும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வெயிலில் வியர்த்து, சுண்ணாம்புத் திட்டுகளோடு, குழந்தைகளைப் போல மலர்ந்த முகங்கள். அவற்றில் ஒரு முகத்திலாவது கொஞ்சம் கள்ளத்தனம் இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். வாயைத் திறந்தாள்.

"ரொம்ப நன்றி. காப்பி குடிக்கறீங்களா?"

எல்லோரும் குடித்தார்கள்.

அன்று மாலை சுல்மீரா நோட்டை விரித்து, சாட்சி என்று எழுதி, பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். 'ஒன்றுமில்லை' என்று எழுதலாம். பார்க்கிற கண்ணுக்கு அது உண்மையும்தான், இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை. எழுதினால் பொறுப்பாளர் வேலை கையில். அவளுக்கு அந்த வார்த்தை பழக்கப்பட்ட வார்த்தை, கை தானாகவே 'ஒ' போடப் பார்த்தது. அதை அடித்துவிட்டு எழுதினாள்: இன்று ஊரார் பதினோரு டம்ளர் ஊற்றினார்கள். தூள் முழுவதும். சாராயத்தில்.

அக்டோபரில் மழை வந்தது. சாட்சிப் பாத்தி முளைக்கத் தொடங்கியது. ஒன்று, நாலு, பதினொன்று, இருபத்து மூன்று. வெளிறி, ஒல்லியாக, சேமியாவுக்கு இலை முளைத்த மாதிரி நீண்டு, நிற்கத் தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன. செயு ஒரோசிம்போ மூங்கில் குச்சிகளைச் சீவிக்கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் முட்டுக் கொடுத்து, பிலோமெனாவின் எம்பிராய்டரி நூலால் கட்டிவிட்டார். "நல்ல வேளை, நான் பார்த்தேன்" என்றார். மழையால் முளைத்ததா, தூளால் முளைத்ததா, மரியன்னையால் முளைத்ததா? சாட்சி வாயைத் திறந்துவிட்டது. யார் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறது என்று இனி எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது.

மாத நடுவில் டாக்டர் லவீனியா வந்தார். கொட்டகைக்குள் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். முட்டை ஓட்டில் புருவம் உயர்ந்தது. பலகையில் பெருமூச்சு வந்தது. பதினோரு டம்ளரில் கண்ணாடியைக் கழற்றினார். சுல்மீரா அடுப்பருகே, கையில் காப்பி வடிகட்டும் துணியோடு நின்றாள். பதினேழு வருஷமும் இந்த ஒன்றரை நிமிடத்துக்குள் வந்து நின்றது.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல" என்றார் டாக்டர். பிறகு குரல் குழைந்தது. "கவலைப்படாதீங்க, தோனா சுல்மீரா. நான் உங்களுக்கு ஓர் உதவி பண்றேன்."

சுல்மீராவின் முதுகு நிமிர்ந்தது.

"இந்தக் கடைசிப் பக்கங்களை எடுத்துடலாம். மழை வரைக்கும் சாட்சி பூஜ்யம்னு நானே அழகா எழுதிடறேன். அவங்க ஊத்தாம இருந்திருந்தா பூஜ்யமாத்தானே இருந்திருக்கும்? யாருக்கும் நஷ்டமில்ல. வேலை உங்களுக்குத்தான், நான் பார்த்துக்கறேன்."

டாக்டர் நோட்டின் நடுவில் விரலை வைத்துப் பக்கங்களைப் பிடித்தார். நல்ல விரல்கள். நல்ல எண்ணம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம்."

யார் பேசியது என்று இருவருமே ஒரு கணம் பார்த்துக்கொண்டார்கள்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம், டாக்டர். பூஜ்யமா இருந்திருக்குமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததை எழுத நான் தினம் குந்தி உட்காரல. எழுதினது இருக்கட்டும்."

"உங்க நல்லதுக்குத்தானே சொன்னேன்!" என்றார் டாக்டர். முகம் வாடிவிட்டது. கேளாமல் உதவுகிறவர்களில் படித்தவர்கள் மனம் புண்பட்டால் இப்படித்தான் சொல்வார்கள்.

நோட்டு உள்ளது உள்ளபடியே நகராட்சிக்குப் போனது. சோதனை முழுமையாகவில்லை, மார்ச்சில் பழம் விழுந்ததும் மறுபடி விதைக்கவும், பொறுப்பாளர் விஷயம் அதற்குப் பிறகு என்று பதில் வந்தது. இன்னொரு வருஷம் தினக்கூலி. அவளுக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. வழக்கமாகவே பேசாதவளானதால் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் நகராட்சிக்குப் போய், வாயைத் திறந்து, கொட்டகைக் கேட்டுக்கு ஒரு பூட்டு கேட்டாள். கொடுத்தார்கள். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கேட்டில் கைதட்டல் கேட்டது. முதல் தட்டு. இரண்டாவது தட்டும் அங்கேயே கேட்டது. மூன்றாவதும்.

"மகளே, பூட்டு மாட்டிக்கிட்டு இருக்கு பாரு! யாரோ தெரியாமப் பூட்டிட்டாங்க. இரு, வீட்டுல கம்பி இருக்கு, எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம், செயு ஒரோசிம்போ."

"சும்மா ஒரு கை குடுத்துட்டு…"

"வேண்டாம். நான்தான் பூட்டினேன். நான் கூப்பிட்டா வாங்க."

அவருடைய அறுபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் அப்படி ஒரு வாக்கியம் அவர் காதில் விழுந்ததில்லை. முகம் சுருங்கியது, ஏதோ யோசித்தது, பிறகு மெல்ல மெல்லப் பிரகாசமானது. தெருப்பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா எல்லாரும்? இந்தப் பொண்ணு வாயிலேர்ந்து இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பேச்சு வந்திருக்கா? பேச வெச்சது யாரு? சும்மாவா போயிட்டு வந்திட்டு இருந்தேன்!"

தெருவில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவர் திருப்தியோடு, ஒழுகாத குழாய் இருக்கும் ஏதோ ஒரு வீட்டைத் தேடி நடந்தார்.

நீங்கள் இவ்வளவு நேரம் தலையில் அடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் படித்தீர்கள், தெரியும். ஒன்று கேட்கட்டுமா? அவள் சாவியைக் காப்பித்தூளில் புதைத்தபோது, 'அங்கே வைக்காதே' என்று நீங்கள் வாய்க்குள் சொல்லவில்லையா? டாக்டர் பக்கங்களைப் பிடித்தபோது, கிழித்துவிட்டுப் போகட்டுமே, பாவம், பதினேழு வருஷம் என்று உங்கள் மனதும் கொஞ்சம் இழுக்கவில்லையா? செயு ஒரோசிம்போவுக்குச் சொல்ல வேண்டிய சூடான பதில் ஒன்றை அவளுக்காகத் தயாரித்து வைத்திருந்தீர்கள் அல்லவா? நகராட்சிக்கு ஒரு மனுக்கூட எழுதிப்போட்டால் என்ன என்று உங்களில் சிலருக்கு இந்த நிமிடம் கை துறுதுறுக்கிறது.

சுல்மீரா உங்களிடம் ஏதாவது கேட்டாளா?